காதில் விழுகிறது, புரியவில்லை: காது மந்தமானவர்களுக்கும் வீட்டாருக்கும் அறிகுறி வாரியாக ஒரு வழிகாட்டி

ஒருவருக்குக் காது மந்தம் என்று தெரிந்ததும் சுற்றியிருப்பவர்கள் செய்யும் முதல் வைத்தியம் குரலை உயர்த்துவது. டிவி ஒலியைக் கூட்டுவார்கள், காதொலிக் கருவியின் ஒலியைக் கூட்டச் சொல்வார்கள், கடைசியில் கத்துவார்கள். பெரும்பாலும் கோளாறு அங்கே இருப்பதில்லை. பேசுபவரின் வாய், நடுவிலுள்ள தூரம், அறை, கருவி, காது என்று பேச்சு கடந்து வரவேண்டிய இடங்கள் பல. எங்கே அறுந்தது என்று பார்க்காமல் ஒலியை மட்டும் கூட்டினால், புரியாத பேச்சு உரத்த குரலில் புரியாமல் இருக்கும், அவ்வளவுதான்.

இரண்டு காதிலும் கருவி மாட்டியிருப்பவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். உங்கள் தொல்லை எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போய்விடலாம். முதல் தலைப்பை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

"நேற்று வரை நன்றாக இருந்தது, இன்று ஒரு காது அடைத்துவிட்டது"

இதை வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். தூங்கி எழுந்ததும், அல்லது ஓரிரு நாளுக்குள், ஒரு காது மட்டும் கேட்காமல் போனால் அது உள்காது பாதிப்பாக இருக்கலாம். அதற்கு ஸ்டீராய்டு மருந்து கொடுப்பார்கள். அதை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. முதல் இரண்டு வாரம் கடந்துவிட்டால் பலன் வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? குளித்தபோது தண்ணீர் போயிருக்கும், சளி பிடித்திருக்கும், அழுக்கு அடைத்திருக்கும் என்று சொட்டு மருந்து விட்டபடியே அந்த இரண்டு வாரத்தையும் கழித்துவிடுகிறோம். அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். தலைசுற்றலும் காதிரைச்சலும் சேர்ந்திருந்தால் அவசரம் இன்னும் அதிகம். அழுக்குதான் என்றால் எடுத்துவிட்டு அனுப்புவார், ஒரு நட்டமும் இல்லை.

சூடான எண்ணெய் ஊற்றுவது, ஹேர்பின்னால் குடைவது, பட்ஸ் விடுவது மூன்றும் வேண்டாம். பட்ஸ் அழுக்கை எடுப்பதைவிட உள்ளே திணிப்பதுதான் அதிகம்.

"சத்தம் கேட்கிறது, என்ன சொன்னார்கள் என்று புரியவில்லை"

எங்கள் கூட்டத்தில் எல்லோரும் சொல்லும் புகார் இது. வீட்டாருக்கு நம்பிக்கை வராத புகாரும் இதுதான். "கேட்கிறது என்கிறாய், பிறகு புரியவில்லை என்கிறாய்" என்பார்கள்.

வயதாகி மந்தமானாலும் சரி, தறி, அச்சு எந்திரம், ஜெனரேட்டர் இரைச்சலில் பல வருடம் நின்று மந்தமானாலும் சரி, முதலில் போவது மேல் ஸ்தாயி ஒலிகள். காதைச் சோதித்து வரைந்து தரும் வரைபடமான ஆடியோகிராம் தாளை எடுத்துப் பாருங்கள். இடப்பக்கம் 250, 500 ஹெர்ட்ஸ் அருகே கோடு மேலாக ஓடும். 2000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் படிக்கட்டில் இறங்குவதுபோல் இறங்கியிருக்கும். பேச்சின் பலமெல்லாம் உயிரொலிகளில் இருக்கிறது; அவை கீழ் ஸ்தாயி. ஒரு சொல்லை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலிகளில் பலவும் மேல் ஸ்தாயி, அதிலும் மெலிந்தவை. அதனால் ஆ, ஐ எல்லாம் பத்திரமாக வந்து சேரும். முன்னால் வந்த ச, த, க வழியில் தொலைந்துவிடும். "சாவி எங்கே?" என்று மனைவி கேட்டால் "ஆவி எங்கே?" என்று விழும். கடை, தடை, சடை மூன்றும் ஒன்றாகிவிடும்.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாமே என்றால், பாதி உண்மை. கண்ணாடி முன் நின்று குரல் எழுப்பாமல் "பணம்", "மணம்" என்று சொல்லிப் பாருங்கள். பிறகு "பாடு", "மாடு". உதட்டில் துளி வித்தியாசம் தெரியாது. ட, ண, ள, ழ எல்லாம் நாக்கு உள்ளே மடிந்து பிறப்பவை. எதிரில் இருப்பவருக்கு அவற்றில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் காதையும் கண்ணையும் சேர்த்து வைத்தால் வேலை நடக்கிறது. ம-வின் மூக்கொலி கீழ் ஸ்தாயி என்பதால் மந்தக் காதுக்கும் எட்டும். பணமா மணமா என்பதைக் காது சொல்லிவிடும். உதடு மூடித் திறந்ததா இல்லையா என்பது தெரிவதால் படையா கடையா என்பதைக் கண் சொல்லிவிடும். முகம் தெரியாவிட்டால் இந்தக் கூட்டணி உடைந்துபோகும். எதிரில் வந்து பேசுங்கள் என்று நாங்கள் கெஞ்சுவதன் காரணம் இதுதான்.

பேசுபவர் செய்ய வேண்டியவை: வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி உட்காருங்கள், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் எங்களுக்கு முகம் இருட்டாகத்தான் தெரியும். வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு பேசாதீர்கள். முதலில் எதைப் பற்றிய பேச்சு என்று சொல்லிவிடுங்கள்: "கேஸ் சிலிண்டர் விஷயம்" என்றால் போதும், மூளை அந்தப் பக்கத்துச் சொற்களை எடுத்துத் தயாராக வைத்துக்கொள்ளும். ஒருமுறை சொல்லிப் புரியவில்லை என்றால் மறுமுறை அதே வாக்கியத்தைச் சொல்லாமல் வேறு சொற்களில் சொல்லுங்கள். கத்த வேண்டாம். கத்தும்போது பெருப்பது உயிரொலிதான், தொலைந்த மெய்யொலி திரும்பி வராது. உதடும் கோணலாகி, கண்ணுக்குக் கிடைத்த துப்பும் போய்விடும். முகமோ சண்டைக்கு வந்தவர் முகமாகத் தெரியும்.

கேட்பவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, ஆனால் பழகக் கொஞ்சம் நாளாகும். "என்ன?" என்று கேட்பதை விடுங்கள். "என்ன?" என்றால் முழு வாக்கியமும் அதே வேகத்தில் திரும்பி வரும், விழாத சொல் மறுபடியும் விழாது. காதில் விழுந்ததைச் சொல்லி, விழாத இடத்தை மட்டும் கேளுங்கள்: "புதன்கிழமை கிளம்ப வேண்டும் என்பது வரை பிடித்துவிட்டேன், எந்த ஊருக்கு?" எதிரில் இருப்பவர் ஒரே சொல்லில் பதில் சொல்வார், அதையும் அழுத்திச் சொல்வார். கவனித்துக்கொண்டுதான் இருந்தீர்கள் என்பதும் அவருக்குத் தெரியும்; எரிச்சல் பாதி குறையும்.

எண்களில் தனி எச்சரிக்கை. இருபது, அறுபது, எழுபது எங்கள் காதுக்கு உடன்பிறப்புகள். ஐம்பதும் எண்பதும் அப்படித்தான். விலை, நேரம், பிளாட்பார எண், மாத்திரை அளவு எதுவாக இருந்தாலும் "ஆறு, பூஜ்யம்" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லச் சொல்லுங்கள். அல்லது விரலால் காட்டட்டும்.

"மகன் பேசினால் கேட்கிறது, மருமகள் பேசினால் மட்டும் கேட்கவில்லை"

எத்தனை வீட்டில் எத்தனை மனஸ்தாபம் இதனால்! மாமியார் வேண்டுமென்றே செய்கிறார் என்று மருமகளும், மருமகள் முணுமுணுக்கிறாள் என்று மாமியாரும் வருடக்கணக்கில் நம்பிக்கொண்டிருப்பார்கள்.

ஆண்குரல் பொதுவாகக் கீழ் ஸ்தாயி. பெண்குரலும் குழந்தைக் குரலும் அதற்கு மேலே, அதாவது மாமியாரின் காதில் தேய்ந்துபோன பகுதிக்கு அருகில். அதோடு மகனின் குரல் நாற்பது வருடப் பழக்கம். அவன் அடுத்து என்ன சொல்வான் என்பது அரைச் சொல்லிலேயே தெரிந்துவிடும். மருமகளோ பெரியவர்கள் முன் குரலைத் தாழ்த்திப் பேச வேண்டும் என்று சொல்லி வளர்க்கப்பட்டிருப்பாள். பெரும்பாலும் அடுப்பின் பக்கம் திரும்பி நின்றே பேசுவாள். மூன்றும் சேர்ந்தால் ஒரு குடும்பச் சண்டைக்குப் போதாதா?

சரிபார்ப்பது எளிது. மருமகள் எதிரில் உட்கார்ந்து, மிக்ஸியும் மின்விசிறியும் ஓடாதபோது, வழக்கமான குரலில், நிதானமாகப் பேசட்டும். புரிந்தால் குற்றம் குணத்தில் இல்லை. பேரன் பேச்சு புரியாததற்கும் இதே காரணம்தான். அவனைப் பக்கத்தில் வந்து தோளைத் தொட்டுவிட்டுப் பேசப் பழக்குங்கள், குழந்தைகள் பெரியவர்களைவிட வேகமாகப் பழகிக்கொள்வார்கள்.

இதன் தம்பி இன்னொரு குற்றச்சாட்டு: "தனக்கு வேண்டியது மட்டும் காதில் விழும்." தன் பெயர், தான் எதிர்பார்த்திருக்கும் செய்தி, காலையில் களைப்பில்லாத மூளையோடு கேட்டது, இவை விழும். மாலை ஏழு மணிக்கு, நாள் முழுக்க ஊகித்து ஊகித்துக் களைத்த பிறகு, முன்னறிவிப்பில்லாமல் வந்த வாக்கியம் விழாது. கேட்பதே எங்களுக்கு உழைப்பு. முக்கியமான பேச்சைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

"சமையலறையிலிருந்து கூப்பிட்டால் பதிலே வருவதில்லை"

வராது. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி ஆறு டெசிபல் குறையும். இங்கே நடுவில் சுவரும் குக்கர் விசிலும் வேறு. எழுந்து வந்து பேசுங்கள். இதற்கு வேறு மருந்து கிடையாது.

"வீட்டில் சமாளிக்கிறேன், கல்யாண மண்டபத்தில் ஒன்றும் புரியவில்லை"

டைல்ஸ் தரை, சிமெண்டுச் சுவர், உயரமான கூரை, இருநூறு பேர், நாகஸ்வரம், தவில், அதற்கு மேல் ஒலிபெருக்கி. நல்ல காது உள்ளவர்களே அங்கே உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்கிறார்கள், அது அவர்களுக்குத் தெரிவதில்லை. கருவி பேச்சைப் பெருக்கும்போது இரைச்சலையும் சேர்த்தே பெருக்குகிறது. நல்ல கருவிகளில் முன்பக்கத்து ஒலியை மட்டும் தூக்கிக் கொடுக்கும் ஏற்பாடு உண்டு. ஆனாலும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியை அதனால் முழுக்கப் பிரிக்க முடியாது.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் இங்கே வைத்தியம். ஒலிபெருக்கியிலிருந்தும் மேளத்திடமிருந்தும் விலகி, முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும்படி உட்காருங்கள். பேச விரும்புபவரை உங்களுக்கு எதிரில் உட்கார வையுங்கள். ஒரு காது மேலானது என்றால் அந்தக் காதுப் பக்கம். பந்தியில் வரிசையாக உட்காரும்போது பக்கத்தில் இருப்பவரின் வாய் தெரியாது என்பதால் அங்கே பேச்சை எதிர்பார்க்காதீர்கள், சாப்பிடுங்கள். பேச வேண்டியவரை மண்டப வாசலுக்கோ, கார் நிற்கும் பக்கத்துக்கோ அழைத்துக்கொண்டு போய்ப் பேசுவதில் தவறில்லை. கருவியில் கூட்டத்துக்கென்று தனி அமைப்பு இருந்தால், மண்டபத்துக்குள் நுழையும் முன்பே மாற்றிக்கொள்ளுங்கள்.

நாலு பேர் சேர்ந்து பேசும் இடத்தில் தலைப்பு மாறியது தெரியாமல் பழைய தலைப்புக்குப் பதில் சொல்லி, எல்லோரும் சிரித்துவிட, அன்றோடு கூட்டத்துக்குப் போவதையே நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். குடும்பத்தில் ஒருவர் மட்டும் பக்கத்தில் இருந்து, பேச்சு மாறும்போதெல்லாம் "இப்போது நிலம் விற்ற கதை" என்று ஒரு வரி எடுத்துக் கொடுத்தால் போதும்.

"நேரில் பேசினால் புரிகிறது, போனில் புரியவில்லை"

முகம் இல்லை என்பது ஒரு காரணம். சாதாரணத் தொலைபேசி அழைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை மட்டுமே கடத்துகிறது என்பது இன்னொன்று. ச-வை அடையாளம் காட்டும் ஒலி பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. வாட்ஸ்அப் அழைப்பும், இருபக்கமும் வோல்ட்இ (4ஜி வழியே பேசும் வசதி) இருக்கும் அழைப்பும் இன்னும் அகலமான ஒலியைக் கொண்டுவரும்; வித்தியாசம் உடனே தெரியும். வீடியோ அழைப்பு என்றால் உதடும் கிடைக்கும்.

காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி வைத்திருப்பவர்கள் போனைக் காதுத் துளையில் வைத்துக் கேட்க முயல்வதைப் பார்க்கிறேன். கருவியின் மைக் காதுமடலுக்கு மேலே இருக்கிறது. போனைச் சற்று மேலே தூக்கி, கருவியை ஒட்டிச் சாய்த்து வையுங்கள். கீச்சிட்டால் கொஞ்சம் விலக்குங்கள். புளூடூத் உள்ள கருவி என்றால் இந்தத் தொல்லையே இல்லை. இல்லாவிட்டால் அமைதியான அறையில் ஸ்பீக்கரில் போட்டு இரண்டு காதாலும் கேளுங்கள்.

தெரியாத எண்ணிலிருந்து கூரியர்காரர் கூப்பிட்டால், "எனக்குக் காது மந்தம், மெசேஜ் அனுப்புங்கள்" என்ற வாக்கியத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாதி உரையாடல் போன பிறகு சொன்னால் அவர் பொறுமை தீர்ந்திருக்கும்.

பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கும் லைவ் டிரான்ஸ்கிரைப் என்ற செயலியை கூகுள் 2019-இல் ஆண்ட்ராய்டு போன்களுக்குக் கொண்டுவந்தது, தமிழிலும் எழுதும். நேரில் ஒருவர் மட்டும், போனுக்கு அருகில், நிதானமாகப் பேசினால் நன்றாகவே எழுதுகிறது. வட்டார வழக்கு வந்தாலோ, இரண்டு பேர் சேர்ந்து பேசினாலோ தடுமாறும். வங்கிக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவரோடு பேச எனக்கு இது கைகொடுக்கிறது.

"கருவி வேலை செய்யவில்லை" அல்லது "கீச்சிடுகிறது"

கடைக்கு ஓடும் முன் வரிசையாகப் பாருங்கள். பேட்டரி முதலில். ஸ்டிக்கர் நிறமே அளவைச் சொல்லும்: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். இவை காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்து வேலை செய்பவை. ஸ்டிக்கரைப் பிரித்துச் சில நிமிடம் வைத்திருந்து பிறகு போடுங்கள். பிரித்ததுமே உள்ளே தள்ளிவிட்டால் செத்த பேட்டரிபோல் நடிக்கும். (பழைய பேட்டரியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் போடுங்கள், விழுங்கினால் ஆபத்து.) வலது இடது மாறிப் போட்டிருக்கலாம்: சிவப்புக் குறி வலது, நீலம் இடது.

அடுத்தது அடைப்பு. காதுக்குள் பொருந்தும் துண்டான காது அச்சின் துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அழுக்கு அடைத்திருந்தாலோ, குழாயில் வியர்வை முத்து நின்றாலோ ஒலி வராது. அச்சையும் குழாயையும் கருவியிலிருந்து கழற்றி வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, ஊதி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். கருவியின் மேல் தண்ணீர் படக் கூடாது. நம் ஊர் வெயிலில், கடலோரப் புழுக்கத்தில், கருவிக்கு முதல் எதிரி ஈரம். இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். அரிசி டப்பா வேண்டாம், தவிட்டுத் தூள் மைக்கில் போய் உட்காரும். இரண்டாவது எதிரி தேங்காய் எண்ணெய். தலைக்குத் தடவிய கையோடு கருவியைத் தொட்டால் மைக் துளை மெல்ல மெல்ல அடைபடும்.

கீச்சிடுவது, வெளியே கசிந்த ஒலி மறுபடியும் மைக்குக்குள் போவதால். அச்சு சரியாக உட்காரவில்லையா, தளர்ந்துவிட்டதா, காதில் அழுக்கு நிறைந்திருக்கிறதா, சால்வையோ தலையணையோ உரசுகிறதா என்று பாருங்கள். உடல் இளைத்தால் காது அச்சும் தளரும். புது அச்சு எடுக்க வேண்டியிருக்கும். கீச்சுச் சத்தத்துக்குப் பயந்து ஒலியைக் குறைத்தே வைத்துக்கொண்டு, கருவியால் பயனில்லை என்று சொல்பவர்கள் ஏராளம்.

"கருவி போட்டால் தட்டு விழுந்தாலும் இடி விழுகிறது"

இது பெரும்பாலும் புதியவர்கள் சொல்வது. மந்தக் காதில் மெல்லிய ஒலி கேட்காது, ஆனால் பலத்த ஒலி நல்ல காதுக்குப் போலவே வலிக்கும், இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி குறுகிவிடுகிறது. "உரக்கப் பேசு, கேட்கவில்லை" என்று சொன்ன அதே தாத்தா அடுத்த நிமிடமே "ஏன் கத்துகிறாய்?" என்று கோபிப்பது இதனால்தான். கருவியை உங்கள் ஆடியோகிராமுக்கு ஏற்ப ஆடியாலஜிஸ்ட், அதாவது செவித்திறன் நிபுணர், அமைத்துத் தர வேண்டும். அமைத்த பிறகு முதலில் அமைதியான வீட்டில், நாளுக்குச் சில மணி நேரம், பிறகு மெல்லக் கூட்டுங்கள். எவ்வளவு நாளாகியும் பாத்திரச் சத்தம் குத்துகிறது என்றால் பொறுத்துக்கொள்ளாதீர்கள். திரும்பிப் போய், எந்த ஒலி, எந்த இடத்தில் என்று குறித்துக் கொடுங்கள். உச்ச அளவைத் தனியாகக் குறைக்க முடியும். அடுத்தவருக்காக அமைத்த கருவியைக் கடன் வாங்கிப் போடாதீர்கள்.

"டாக்டர் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்"

எங்கள் தொழில் ரகசியம் இது. புன்னகை, தலையாட்டல், இடையிடையே "சரிங்க டாக்டர்". மற்ற இடங்களில் இதனால் போவது மானம் மட்டும்; இங்கே உடம்பு.

தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆமா, இல்லையா என்பது வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். "இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் சாப்பிடலாம்", "சாப்பிடக் கூடாது": முக்கால்வாசி வரை இரண்டும் ஒரே வாக்கியம். பேசுபவர்களின் குரல் தேய்ந்து மூச்சு அடங்குவதும் அதே கடைசியில்தான். மருத்துவர் கடைசிச் சொல்லுக்கு வரும்போது கணினியின் பக்கம் திரும்பிவிடுவார். முகக்கவசம் போட்டிருந்தால் உதடும் இல்லை, மேல் ஸ்தாயி ஒலியும் மங்கிவிடும்.

ஆகவே, உள்ளே போனதும் "எனக்குக் காது மந்தம், முகம் பார்த்துப் பேசுங்கள்" என்று சொல்லுங்கள். கிளம்பும் முன் நீங்கள் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லுங்கள்: "காலையில் வெறும் வயிற்றில் இது, இரவில் இது வேண்டாம், சரியா?" தப்பாக இருந்தால் அங்கேயே திருத்துவார். "புரிந்ததா?" என்று அவர் கேட்பதை நம்பாதீர்கள், அதற்கு நாம் எப்போதும் ஆமாம் என்றுதான் சொல்வோம். கூடாது என்பவற்றை மட்டும் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். டோக்கன் எண்ணை வாயால் கூப்பிடும் இடம் என்றால், கூப்பிடும் நர்ஸின் கண்ணில் படும்படி உட்கார்ந்து, வந்ததுமே உங்கள் எண்ணைக் காட்டிச் சொல்லிவையுங்கள்.

கூட வந்தவரிடம் மருத்துவர் பேச ஆரம்பித்தால் நாற்காலியை முன்னால் இழுத்துப் போடுங்கள். வியாதி உங்களுடையது.

"சான்றிதழ் கேட்டால் இல்லை என்கிறார்கள்"

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேச்சு அலைவரிசைகளில் இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு இருந்தால் செவித்திறன் குறைந்தவர் என்றும், 70 டெசிபல் இழப்பு இருந்தால் காது கேளாதவர் என்றும் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனமோ 20 டெசிபலிலிருந்தே குறைபாடு தொடங்குவதாகக் கணக்கிடுகிறது. 35-க்கு மேல் போனால் மிதமான குறைபாடு. நடுவில் இருப்பவர்கள் மேலே சொன்ன அத்தனை தொல்லையும் படுவார்கள், கையில் அட்டை மட்டும் இருக்காது. இது நியாயமில்லை என்பது என் கருத்து.

உங்கள் அளவு 60-ஐ ஒட்டியிருந்தால் வருடத்துக்கு ஒருமுறை ஆடியோகிராம் எடுத்து, பழைய தாள்களோடு சேர்த்து வையுங்கள். எல்லையைத் தாண்டியதும் அரசு மருத்துவமனையில் மதிப்பிட்டு யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். காதொலிக் கருவி இலவசமாகக் கிடைக்குமா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். அங்கே போகும்போது கேள்விகளை ஒரு தாளில் எழுதி, பதிலுக்குக் கீழே இடம் விட்டுக் கொண்டுபோங்கள். அங்கும் கவுண்ட்டரில் கண்ணாடித் தடுப்பு இருக்கக்கூடும்.